ஒரே கொப்பரை நூல்

பூவராகவன் என்பது அவன் பெயர் இல்லை. எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "எழுது வேணிக்கா, ஆனா எம் பேரைப் போட்றாத" என்றான். அப்படியானால் நீயே ஒரு பெயர் சொல் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் தாத்தாவின் தம்பிக்கு அந்தப் பெயர் என்றான். அவர் கல்யாணம் கட்டாமலே போய்ச் சேர்ந்தவராம். ஏன் என் பெயரை வைத்தாய் என்று சண்டைக்கு வர ஆளில்லை. அவன் மனைவிக்குச் சுகாசினி என்று நான்தான் வைத்தேன். அவளுடைய உண்மைப் பெயர் இதைவிட அழகு.

செவிலிமேட்டில் எனக்கு ஒரு தையல் கடை. அதற்கு அடுத்த வீடு அவர்களுடையது. நான் ஜாக்கெட் தைப்பேன். சுகாசினி என் கடையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து பட்டுப் புடவைகளுக்கு முந்தானைக் குஞ்சம் கட்டுவாள். நாள் முழுக்கப் பேச்சும் வேலையுமாக இருந்ததால், அவர்கள் வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை எனக்குத் தெரியும்.

பூவராகவனைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் அவன் கையைத்தான் பார்ப்பார்கள். ஒரு வாரம் மாம்பழ நிறம், ஒரு வாரம் கத்திரிப்பூ நிறம். சாயப் பட்டறையில் வேலை. கையுறை போட்டுக்கொள்ளடா என்று நான் கத்தாத நாளில்லை. போட்டால் நூலின் சூடு கைக்குத் தெரியாது என்பான். ஓரிக்கையில் பிறந்தவன். அவனுடைய தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா அரிசி ஆலைக்குப் போனார். இவன் பட்டறைக்கு வந்தான், நடுவில் சில வருஷம் வேறு வேறு ஊர்களில் சுற்றினான், திரும்பி வந்து பெரிய சாயக்காரன் ஆனான். கல்யாணப் புடவைக்கு அரக்கு நிறம் என்று கேட்டால், அந்த அரக்கை அவன் சாயக் கொப்பரையில்தான் எடுக்க வேண்டும் என்று காத்திருக்கும் கடைக்காரர்கள் உண்டு.

சாயம் நின்றிருக்கிறதா என்று பார்க்க அவனிடம் ஒரு வழி இருந்தது. ஒரு கொப்பரையில் முக்கியெடுத்த நூல் கழிகளில், அதாவது நூல் சிட்டங்களில், ஒன்றை மட்டும் உருவுவான். அதைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் போட்டெடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றிப் பிழிவான். துணி வெள்ளையாகவே இருந்தால் மொத்தக் கொப்பரையும் தேறியது. எல்லாக் கழியையும் அவிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? பட்டறையில் எல்லாரும் செய்வது இதுதான்.

ஆனால் இவன் அதைப் பட்டறையோடு விடவில்லை. டவுன் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் சிடுசிடுத்தால் அந்த ரூட் கண்டக்டர்கள் அத்தனை பேரையும் ஒதுக்கிவிடுவான். ஒரு இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு அந்தக் கடையின் ஏழு தலைமுறைக்கும் தீர்ப்பு எழுதுவான். "ஒரு கழியப் பாத்தா போதும்" என்பது அவன் வாயில் எப்போதும் நிற்கும் வார்த்தை.

சுகாசினி முதல் பிள்ளையைச் சுமந்தபோது அரசு ஆஸ்பத்திரியில் மற்ற ரத்தச் சோதனைகளோடு எச்.ஐ.வி. சோதனையும் செய்தார்கள். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் செய்வதுதான். நம்பிக்கை மையம் என்று பலகை மாட்டிய அறையில் எஸ்தர் என்று ஒரு ஆலோசகர் இருந்தாள். அவள் முடிவைச் சொன்னாள்.

"உனக்கு நெகடிவ்மா. சந்தோஷம். அடுத்த தரம் வரும்போது உங்க வூட்டுக்காரரையும் இட்டுக்கினு வா. அவருக்கும் ஒரு தரம் பாத்துடலாம்."

சுகாசினி வந்து சொன்னாள். பூவராகவன் கடை வாசலில் சைக்கிளில் ஒரு கால் ஊன்றி நின்றபடி சிரித்தான்.

"எனக்கு எதுக்கு? புருசன் பொண்டாட்டி ஒரே கொப்பரை. ஒரு கழிய அவிச்சுப் பாத்தாச்சு, சாயம் எறங்கல. இன்னோரு கழிய எதுக்கு அவிக்கணும்?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெண் குழந்தை பிறந்தது, அனு என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பேச்சு அதோடு மறந்துபோனது.

அனு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் பூவராகவனுக்கு விலாப்பக்கம் அக்கி வந்தது. கொப்புளம் கொப்புளமாக, சட்டை பட்டாலே துடித்தான். அவன் அம்மா பட்டம்மாள் அவனை மண்பாண்டம் செய்கிறவரிடம் கூட்டிப்போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்தாள். ஆறிவிட்டது. ஆனால் ஆள் தேறவில்லை. அடிக்கடி காய்ச்சல், வாயில் புண், இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. பட்டறை ஆவிதான் காரணம் என்றான். வெயில் என்றான். டாக்டரிடம் போ என்றால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான்.

அந்தச் சமயத்தில்தான் சுகாசினி மறுபடியும் உண்டானாள். மூன்றாம் மாதச் சோதனையில் மறுபடியும் நெகடிவ். எஸ்தர் மறுபடியும் கணவனைக் கேட்டாள். அவன் மறுபடியும் அதே கழிக் கதையைச் சொல்லி அனுப்பினான். அடுத்த மாதம் போனபோது சுகாசினி பேச்சுவாக்கில் அக்கியைப் பற்றிச் சொல்ல, எஸ்தர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாளாம்.

"இந்தச் சின்ன வயசுல அக்கி வந்து, ஒடம்பும் எளைச்சுக்கினே போனா ரத்தம் பாக்கணும்மா. வேற எதுவாவும் இருக்கலாம், நான் பயமுறுத்தல. ஆனா உன் ரத்தம் உன்னைப் பத்தி மட்டும்தான் சொல்லும். அவரைப் பத்தி அதுக்குத் தெரியாது. ஒருத்தருக்கு இருந்துக்கினு, கூட இருக்கறவங்களுக்கு வருசக்கணக்கா வராமலே இருக்கறது உண்டு. அப்படி வராம இருக்கறப்பவே தெரிஞ்சுக்கினா, வராமலே தடுத்துடலாம்."

சுகாசினி அன்றைக்கு நேராகக் கடைக்கு வந்தாள். குஞ்சத்துக்கு நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு கட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அவருக்கு இருந்தா எனக்கு வரும் இல்ல?"

"வரலாம்னுதான் சொல்லியிருக்காங்க."

"எனக்கு வந்தா வயித்துல இருக்கறதுக்கும் வரும் இல்ல?"

வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். அன்று இரண்டு குஞ்சம்கூடக் கட்டியிருக்க மாட்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு மத்தியானம். அரக்குப் புடவை ஒன்றுக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். விரலை நனைத்துத்தான் நூலை முறுக்குவார்கள். முறுக்கியவள் விரலைப் பார்த்தாள். சிவந்திருந்தது. முந்தானையின் இன்னொரு பக்கத்து நூலை நனைத்து முறுக்கினாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு துண்டு கத்தரித்துக்கொண்டு, வீட்டுக்கு நடந்தாள். நான் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். கூப்பிட்டாளா என்று கேட்காதீர்கள். கூப்பிட்டால்தான் போவதென்றால் பக்கத்து வீடு எதற்கு?

பூவராகவன் சாப்பாட்டுக்கு வந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுகாசினி இரண்டு கண்ணாடி கிளாஸில் சுடுதண்ணீர் ஊற்றி அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இதில் ஒரு நூல், அதில் ஒரு நூல். ஒரு கிளாஸ் அப்படியே இருந்தது. மற்றது மெல்ல மெல்லச் சிவந்தது.

"இது யாரு போட்ட சாயம்?"

"நான் போட்டதுதான்." குனிந்து பார்த்தான். "கல்யாணப் பொடவையா?"

"ரெண்டும் ஒரே கொப்பரையா?"

"ஒரே கொப்பரைதான். நான்தானே முக்கினேன்."

"அப்புறம் ஏன்யா ஒண்ணு எறங்குது, ஒண்ணு எறங்கல?"

அவன் தொழில் பேச்சு வந்ததும் சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தான். "பட்டு நூல்ல இருக்கற பசை ஒழுங்கா போயிருக்காது. சாயம் ஒண்ணுதான், நூலு அதது வேற இல்ல? ஒவ்வொரு கழியும் ஒவ்வொரு மாதிரி..."

அதோடு நிறுத்திக்கொண்டான். தன் வாயிலிருந்து வந்தது அவன் காதிலேயே விழுந்துவிட்டது.

"நான் எந்தக் கழின்னு ரெண்டு தரம் பாத்துட்டாங்க," என்றாள் சுகாசினி. "நீ எந்தக் கழின்னு எனக்குத் தெரியணும். வயித்துல ஒண்ணு இருக்குது."

அவன் சிவந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் சோறு காய்ந்தது.

"பயமா இருக்குது சுகா," என்றான்.

இத்தனை வருஷம் கொப்பரை, கழி என்று அவன் அடுக்கியதெல்லாம் இந்த ஒரு வார்த்தையை மறைக்கத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது. கோபம்தான் கூடுதல்.

மறுநாள் காலை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எஸ்தர் முதலில் அவனிடம் சம்மதம் கேட்டாள். முடிவை உங்களைத் தவிர நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம், நீங்கள் விரும்பினால் மனைவியை உடன் வைத்துக்கொண்டு கேட்கலாம் என்றாள். அவன் சுகாசினியின் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கட்டும் என்றான். அவளுக்கும் அன்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

அவனுக்கு இருந்தது. ஒரே ஒரு சோதனையை நம்பிச் சொல்லவில்லை, வேறு வேறு விதமாக மூன்று சோதனை செய்தோம், மூன்றும் ஒன்றையே சொல்கின்றன என்றாள் எஸ்தர். அவன் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இவளுக்கு?"

"இன்னிக்கு இல்ல."

"அப்பாடா," என்று கண்ணை மூடினான். எஸ்தர் அவனை அப்படியே விடவில்லை.

"இன்னிக்குன்னு ஏன் சொன்னேன்னு கேளுங்கண்ணா. கிருமி உள்ள வந்த அன்னிக்கே ரத்தத்துல காட்டாது. சில வாரம் ஆகும், சில பேருக்கு மூணு மாசம்கூட ஆகும். அதனால இவங்க ஒரு மாசம் கழிச்சு வரணும், அப்புறமும் வரணும். அதுவரைக்கும் காண்டம் இல்லாம ஒரு தரம்கூடச் சேரக்கூடாது. நீங்க இன்னிக்கே மாத்திரை ஆரம்பிங்க. தெனம் ஒண்ணு, தவறாம. ரத்தத்துல கிருமி கொறைய கொறைய உங்க ஒடம்பும் தேறும், அடுத்தவங்களுக்கும் போகாது."

அனுவைத் தூக்கலாமா என்று கேட்டான். தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம் என்றாள். அப்போதுதான் அழுதான் என்று சுகாசினி சொன்னாள்.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: அவனுக்கு எப்படி வந்தது? நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும், சுகாசினிக்கும் தெரியும், அதைப் பற்றி அவள் அவனிடம் சண்டை போட வேண்டிய அளவுக்குப் போட்டும் முடித்தாள். சர்க்கரை வந்தவனிடம் எத்தனை லட்டு தின்றாய் என்று நாம் விசாரணை வைப்பதில்லை. எப்படி வந்தது என்று மூக்கை நீட்டுகிற ஊரில்தான் ஒருவன் சோதனை அறைக்குள் போகப் பயந்து கழிக் கதை சொல்லிக்கொண்டு திரிகிறான். கேட்க வேண்டியது, இனி யாருக்கும் வராமல் இருக்க என்ன செய்தான் என்பது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு மாதம் கழித்து அவர்கள் போன நாள் கருட சேவை. ஊரெல்லாம் ஜனம், பஸ்ஸையெல்லாம் சுற்றி விட்டிருந்தார்கள். பாதி தூரம் அவளை நடத்தியே கூட்டிப்போனான், வெயிலுக்குத் தன் துண்டை அவள் தலையில் போட்டு. திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த முறை அவளுக்கும் இருந்தது. போன மாதம் நெகடிவ் என்று சொன்ன நாளிலேயே கிருமி உள்ளே வந்திருக்க வேண்டும், காட்டுவதற்கு நாள் எடுத்திருக்கிறது. அனுவைச் சுமந்தபோது அவன் போய்ப் பார்த்திருந்தால், ஏன், மூன்றாம் மாதம் கேட்டபோது போயிருந்தால்கூட, அவளுக்கு வராமல் தடுத்திருக்கலாம்.

பூவராகவன் என் கடைப் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான்கா, நான்தான் சாயத்த ஊத்தினேன் இவ மேல" என்று அதையே சொன்னான். எனக்கு அவனைத் தேற்ற மனம் வரவில்லை. உள்ளே தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகாசினிதான் பேசினாள்.

"அழுவறத அப்புறம் அழுவலாம்யா. எனக்கு மாத்திரை கொடுத்துட்டாங்க. இது பொறக்கறதுக்குள்ள எனக்குள்ள கிருமி கொறைஞ்சாகணுமாம். எனக்கு நேரமில்ல. மறந்துடாம ஞாபகப்படுத்து, அது போதும்."

அன்றையிலிருந்து அவன் அதை ஒரு விரதம் மாதிரி பிடித்துக்கொண்டான். சாயங்காலம் தொலைக்காட்சியில் ஏழு மணிச் செய்தி ஆரம்பித்தால், பட்டறையில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தாலும் போன் அடிப்பான். "போட்டியா?" என்பான். "போட்டேன்" என்பாள். வேறு பேச்சில்லை.

பையன் பிறந்தான். பிறந்த உடனே அவனுக்கு மருந்து சிரப் கொடுக்க ஆரம்பித்தார்கள். பட்டம்மாள் சங்கில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள், தன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் குடித்ததுதான் என்று. ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு வேறு எதுவும் கூடாது, கலந்து கொடுத்தால்தான் ஆபத்து என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். சுகாசினி சங்கைத் தள்ளிவிட, மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிய ரகளை. அன்றைக்குத்தான் பூவராகவன் தன் அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். பட்டம்மாள் சங்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு எழுந்துபோய் அந்தத் தண்ணீரை வாசலில் கொட்டினாள். பேரனைத் தூக்கிக்கொண்டாள். அவளை அதுவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

குழந்தைக்கு ஒன்றரை வயதில்தான் கடைசி முடிவு என்றார்கள். நடுவில் பார்த்த சோதனையெல்லாம் நல்லபடியாக வந்தாலும், அந்தக் கடைசிக்காக அந்த வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பூவராகவன் பட்டறையில் இப்போது எல்லாக் கழியையும் அவித்துப் பார்க்கிறான் என்று முதலாளி என்னிடம் புலம்பினார். விறகு வீணாகிறதாம். ஆகட்டும்.

இதற்குள் கணவனுக்கும் மனைவிக்கும் ரத்தத்தில் கிருமியின் அளவு பார்த்தார்கள். "கண்டறியப்படவில்லை" என்று வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"அப்போ போயிடுச்சாடா?" என்றேன்.

"போவலக்கா. நல்லா நின்ன சாயம் பக்கத்துத் துணியில எறங்காது இல்ல? அதுக்காக நூல்ல சாயமே இல்லன்னு சொல்லுவியா? இருக்குது. மாத்திரைதான் அத எறங்காம புடிச்சுக்கினு இருக்குது. வுட்டா எறங்கும்."

பழைய பூவராகவனாக இருந்தால் சொல்லிவிட்டுச் சிரித்திருப்பான். இவன் சிரிக்கவில்லை.

பையனுக்கு ஒன்றரை வயது ஆனது. அன்று அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பூவராகவன் தோளில் பையன், அவன் கையில் ஒரு பாதி கடித்த பிஸ்கட். சுகாசினி தெருமுனையிலிருந்தே கையை ஆட்டினாள். குழந்தைக்கு இல்லை. இனிச் சோதனையும் தேவையில்லை. நான் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி அவளைக் கட்டிக்கொண்டேன், இருவரும் தெருவில் நின்று அழுதோம்.

சாயங்காலம் எல்லாரும் அவர்கள் வீட்டில் இருந்தோம். பட்டம்மாள் பாயசம் வைத்திருந்தாள். பேரனை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தவள் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம்.

"ஏண்டா பூவா," என்றாள், "இவன் அவ வயித்துலதானே இருந்தான்? அவ பாலத்தானே குடிச்சான்? இவனுக்கு இல்லன்னா, அவளுக்கும் இல்லன்னுதானே அர்த்தம்? அவளுக்கு இல்லன்னா உனக்கும் இல்ல. முன்னாடி பாத்ததுதான் தப்பா இருக்கும். இனிமே எதுக்குடா அந்த மாத்திரை?"

சுகாசினி என்னைப் பார்த்தாள். பூவராகவன் எழுந்து அம்மாவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவனுடைய கை அந்த வாரம் அரக்கு. அந்தக் கையால் பையனின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லம்மா. இவன் ரத்தம் இவனைப் பத்தி மட்டும்தான் சொல்லும். இவனுக்கு இல்ல, அவ்ளோதான். எங்களுக்கு இருக்குது."

"ஒரே குடும்பம்தானேடா?"

"ஒரே குடும்பம்தான். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாத்தான் பாக்கணும்." அவன் சுகாசினியைத் திரும்பிப் பார்த்தான். "இத நான் அனு வயித்துல இருக்கும்போது சொல்லியிருக்கணும்மா. இவ நல்லா இருந்திருப்பா."

தொலைக்காட்சியில் ஏழு மணிச் செய்தி ஆரம்பித்தது. சுகாசினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"போய் தண்ணி எடுத்துக்கினு வாய்யா. மணியாச்சு."

அவன் உள்ளே போய் இரண்டு கண்ணாடி கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தான். ஒன்றை அவளிடம் கொடுத்தான். அவள் மாத்திரையை விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு தன்னுடையதைப் போட்டுக்கொண்டான்.